தலைக்கு மேல் விமானம் இறங்கும் ஊர்: ஒன்று விழுந்துவிட்டால் முதல் அரை மணி நேரம் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மல்லித்தோட்டம், ஓமலூர் பக்கம்:

வணக்கம். கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒன்றரை ஏக்கரில் குண்டுமல்லி வைத்திருக்கிறேன். 1993இல் விமான நிலையம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். நடுவில் வருடக்கணக்கில் விமானமே வராமல் கிடந்தது. 2018இல், சிறிய ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னை விமானம் வந்தது, பிறகு நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. பயிற்சி விமானங்களும் சுற்றுகின்றன. தாழ்ந்து வரும் விமானத்தின் நிழல் செடிகளின் மேல் ஓடி மறைவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. 2025 ஜூன் 12க்குப் பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது.

என் மகள் வேறு மாவட்டத்தில் மருத்துவம் படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். அன்று அகமதாபாத்தில் லண்டன் விமானம் கிளம்பிய வேகத்தில் மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்ததை மாலை வரை டி.வி.யில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். விமானத்தின் வால் கட்டடத்தில் செருகி நிற்கிறது. உள்ளே மெஸ் மேசைகளில் தட்டுகள், சோறு போட்டது போட்டபடி. அம்மாவுக்கு 71 வயது. “நம் பிள்ளையும் இப்படித்தானே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள்” என்றார். போன் செய்தேன். மூன்று முறை எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தாள். “மெஸ்ஸில் காபி குடிக்கிறேன் அப்பா, என்ன?” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. “ஒன்றுமில்லை, ஆறிவிடும், குடி” என்று வைத்துவிட்டேன்.

விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். விமானத்துக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத 19 பேர் தரையில் செத்தார்கள். அம்மா மனதில் நிற்பது அந்த 19 பேர்தான். இப்போதெல்லாம் சத்தம் கேட்டாலே பூப்பறிக்கும் கை நின்றுவிடுகிறது. மடியில் கட்டிய பூவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விமானம் இறங்கி மறையும் வரை அண்ணாந்தே நிற்கிறார்.

இன்னொன்று. அந்த வாரம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பையன்கள் கருகிய உடல்களின் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எங்கோ எப்போதோ நடந்த விபத்துகளையும் அகமதாபாத் என்று போட்டார்கள். நாளைக்கு இங்கே ஒன்று விழுந்தால் முதலில் ஓடப்போவது இதே பையன்கள்தான், கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அதை நினைத்ததும் எனக்கு வயிறு கலங்கியது. கோயில் மேடையில் நாலு பெரியவர்களிடம், “இப்படி நடந்தால் ஊர் என்ன செய்வது என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம்” என்றேன். “வாயில் நல்ல வார்த்தை வராதா, சொன்னது பலித்துவிடும்” என்று எழுந்து போய்விட்டார்கள். ஓடுதள விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சில் ஏற்கெனவே ஊர் இரண்டாகக் கிடக்கிறது. விமானம் என்றாலே யாரும் பொறுமையாகப் பேசுவதில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வருவதற்கு முன் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

பழைய கணக்கு வாத்தியார், சேலம்:

தம்பி, உங்கள் அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன். ஆபிரகாம் வால்ட் என்று ஒரு புள்ளியியல் மேதை இருந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டு துளைத்துத் திரும்பி வந்த விமானங்களைப் பார்த்து, துளை இருக்கும் இடத்தில் கவசம் போடலாம் என்று ராணுவத்தார் நினைத்தார்கள். துளை இல்லாத இடங்களைத்தான் அவர் பார்க்கச் சொன்னார். அங்கே அடிபட்டவை திரும்பியே வரவில்லை, அதனால்தான் நம் கண்ணில் படவில்லை என்றார். நம் கண்ணுக்கு வராததையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. உங்கள் தோட்டத்துக்கு மேல் பத்திரமாக இறங்கிய விமானம் ஒன்றுகூடச் செய்தியில் வந்ததில்லை. அம்மா அவற்றையும் எண்ண வேண்டும்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதே வால்ட், இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது, 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் மோதிய விமானத்தில் மனைவியோடு இறந்துபோனார். அதனால் நீங்கள் கூட்டம் போட நினைப்பது சரியான காரியம். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

ஆத்தூர் செவிலி:

அண்ணா, 2020 ஆகஸ்ட் 7 இரவு நான் கோழிக்கோட்டில் ஒரு மருத்துவமனையில் பணியில் இருந்தேன். துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கரிப்பூரில் உள்ள கோழிக்கோடு விமான நிலையத்தில் மழையில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. மேசை போல மேட்டில் அமைந்த ஓடுதளம் அது. 21 பேர் இறந்தார்கள். இரண்டு விமானிகளும் அதில் உண்டு.

அது கொரோனா காலம். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான கொண்டோட்டி நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக இருந்தது, யாரும் யார் பக்கத்திலும் போகக்கூடாத நாட்கள். ஆனாலும் எங்கள் வாசலுக்கு முதலில் வந்தவை கார்களும் ஆட்டோக்களும்தான். ஓட்டி வந்தவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், பாதிப் பேரிடம் முகக்கவசம்கூட இல்லை. மேல்சட்டை இல்லாமல் ஒருவர் வந்தார். சட்டையைக் கழற்றி ஒரு குழந்தையைச் சுற்றியிருந்தார். “என் குழந்தை இல்லை, பெயர் தெரியாது, என் குழந்தை இல்லை” என்று மலையாளத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தையை நான் வாங்கிக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. ஈரத்தோடு வராந்தாவில் நின்றார். தேடிக்கொண்டு உறவினர் ஒருவர் வந்து சேர்ந்த பிறகுதான் போனார், சட்டையைக்கூடக் கேட்கவில்லை.

அந்த இரவில் கற்றதைச் சொல்கிறேன். குழந்தையைத் தூக்கினால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதையும் உங்கள் போன் எண்ணையும் எழுதி அதன் சட்டையில் குத்துங்கள். நான் பிளாஸ்டரில் எழுதி ஒட்டினேன். பெற்றோர் ஒரு மருத்துவமனையிலும் பிள்ளை இன்னொன்றிலுமாகக் கிடந்த இரவு அது. குழந்தைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பல குடும்பங்களைச் சேர்த்தார்கள். உங்கள் ஊர்ப் பையன்களிடம் போன் இருப்பது கெடுதல் இல்லை அண்ணா, அதற்கு ஒரு வேலை கொடுங்கள். வண்டி எண், எந்த மருத்துவமனை, யாரை ஏற்றினோம் என்று ஒரு பையன் குறித்துக்கொண்டே இருந்தால் போதும்.

அடிபட்டவரைக் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தோ முதுகெலும்போ முறிந்திருந்தால் பிழைத்தவர் படுக்கையோடு போய்விடுவார். ஜமக்காளமோ கெட்டியான போர்வையோ போட்டு, தலையையும் உடலையும் ஒரே நேராக நகர்த்தி, நான்கு பேராகத் தூக்குங்கள். பக்கத்தில் தீ இருந்தால் இதெல்லாம் பார்க்க வேண்டாம், எப்படியாவது இழுத்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள். தீப்புண்ணுக்குச் சுத்தமான தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், பேஸ்ட், மை, மாவு எதையும் தடவாதீர்கள். எல்லோரையும் ஒரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். லேசான காயம் ஓமலூருக்குப் போகட்டும், பெரிய காயமும் தீப்புண்ணும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போகட்டும்.

நள்ளிரவில் ரத்தம் கொடுக்க வரிசை நின்றதை நான் பார்த்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் இழப்பீட்டுப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கட்டித்தர முடிவு செய்தார்கள். செய்தியில் அதைப் படித்தபோது அந்தச் சட்டை ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

காப்பித்தோட்டம், ஏற்காடு:

எங்களுக்கும் இந்தக் கவலை உண்டு. மூடுபனி இறங்கிவிட்டால் எஸ்டேட்டில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் சில்வர் ஓக் மரம் தெரியாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் பெரிய வண்டி எதுவும் வர வேண்டும்.

என் மச்சான் குன்னூரில் இருக்கிறார். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன ராணுவ ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத்தும் அவர் மனைவியும் போன ஹெலிகாப்டர். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் அன்றே போனார்கள், ஒருவர் ஒரு வாரம் கழித்து இறந்தார். உள்ளே இருப்பது யார் என்று அந்தச் சனங்களுக்கு அப்போது தெரியாது. சரிவில் தீயணைப்பு வண்டி இறங்க வழியில்லை. வீட்டுக் குடத்தில் இருந்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள், போர்த்தியிருந்த கம்பளியைக் கொடுத்துத்தான் ஆட்களைத் தூக்கினார்கள். டிசம்பர் குளிரில் ஒரு தேயிலைத் தொழிலாளி வீட்டில் கம்பளி எத்தனை இருக்கும்? பிறகு ராணுவம் நேரில் வந்து நன்றி சொல்லி அந்த ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்தது.

எனக்கு அதில் உறைத்தது பாதை விஷயம்தான். உங்கள் ஊர் சமவெளி, மலை இல்லை. ஆனால் தோட்டத்துக்குள் ஒன்று விழுந்தால் வண்டி எது வழியாக உள்ளே வரும்? முதலில் அதை நடந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்:

செவிலித் தங்கை சொன்னதை அப்படியே அச்செடுத்துக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். நான் சேர்ப்பது கொஞ்சம்தான்.

விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகை. சிதறிய இடமெல்லாம் ஈரமாக இருக்கும், வாசனை வரும். பீடி, சிகரெட், மோட்டார் சுவிட்ச் எதுவும் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமாகவே நெருங்குங்கள், புகைக்குள் போகாதீர்கள். மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்த்து, உடனே மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பெரிய தீக்கு நுரைதான் சரி, அது எங்கள் வண்டியில் வரும். உங்கள் குடத்துத் தண்ணீர் ஆள் மேல் பிடித்த தீக்கு.

உடைந்த துண்டு எதையும் எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். உயிரைக் காப்பாற்ற நகர்த்தினால் மட்டும் தவறில்லை. கறுப்புப் பெட்டி என்பது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பார்த்தால் இடத்தைச் சொல்லுங்கள், தொடாதீர்கள்.

விமான நிலையங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழு அளவில் அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்பது சர்வதேச விதி. அடுத்த ஒத்திகைக்கு எங்கள் ஊர் ஆட்களையும் கூப்பிடுங்கள் என்று ஊராட்சி மூலம் ஆட்சியருக்கு மனுக் கொடுங்கள். அது உங்கள் உரிமை. அபசகுனம் என்று சொல்லும் பெரியவர்களிடம் கேளுங்கள்: கிணற்றடியில் கயிறும் வாளியும் வைப்பது யாராவது விழ வேண்டும் என்றா?

மல்லித்தோட்டம், ஓமலூர் பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. தங்கை எழுதிய சட்டைக்காரர் கதையை நேற்று இரவு கோயில் மேடையில் வாசித்தேன். வீடியோ அனுப்பிய பையன்களில் ஒருவன் கீழே உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும் வந்து, “மாமா, குறித்துக்கொள்ளும் வேலையை நான் செய்கிறேன்” என்றான். வீட்டுக்கு வீடு ரத்தப் பிரிவு எழுத ஒரு நோட்டும் அவனே வாங்கி வைத்திருக்கிறான். எழுந்து போன பெரியவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். பேசவில்லை, ஆனால் கடைசி வரை இருந்தார்கள். மனுவில் இதுவரை நாற்பத்திரண்டு கையெழுத்து.

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். “இறங்கினதை எண்ணு என்கிறாரா, சரி” என்றார். இன்று காலை பூப்பறிக்கும்போது சத்தம் வந்தது. அம்மா நிமிர்ந்துதான் பார்த்தார். ஆனால் கை நிற்கவில்லை. மத்தியானம் பரணிலிருந்து இரண்டு பவானி ஜமக்காளத்தை இறக்கித் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஏற்காட்டு அண்ணா, பாதையை அளந்தேன். தார்ச்சாலையிலிருந்து கிணறு வரைக்கும் வண்டித்தடம் பத்தடி, ஓர் இடத்தில் மட்டும் ஏழரை. அங்கே ஆம்புலன்ஸ் நுழையாது. அந்த இரண்டரை அடியை அடைத்திருப்பது என் வேலிதான், அப்பா காலத்தில் நட்ட கல். நாளைக் காலை பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, கல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளி நடுகிறேன்.