மறு: தன்னிதழ், நூலுருப் படைப்பு

நண்பர்களுக்கு வணக்கம். ஒருவரே எழுதி, நகலெடுத்து, தானே வெளியிடும் சிறு வெளியீடான ஜீனுக்கு (zine) ‘தன்னிதழ்’ என்றும், கலைஞர் ஒருவர் நூல் வடிவிலேயே செய்யும் படைப்பான ஆர்ட்டிஸ்ட்ஸ் புக்குக்கு (artist's book) ‘நூலுருப் படைப்பு’ என்றும் சொல்லலாம் என்றேன். அதற்கு வந்த பதில் இது:

> ஜீனுக்குச் ‘சிற்றிதழ்’ இருக்கிறதே. ஆர்ட்டிஸ்ட்ஸ் புக்கைக் ‘கலைஞர் நூல்’ என்றே சொல்லலாம்.

இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சிற்றிதழ் என்றதும் 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ நினைவுக்கு வரும். ஆசிரியர், சந்தா, பலருடைய படைப்புகள், இலக்கிய வாதம் என்று அது ஒரு தனி மரபு. ஜீனில் எழுதுவது, வரைவது, பக்கம் கட்டுவது, நகலெடுப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி பங்க் இசைக்காகக் கொண்டுவந்த ‘ஸ்னிஃபின் குளூ’வைப் பாருங்கள். உள்ளே தட்டச்சு வரிகள், தலைப்புகள் ஸ்கெட்ச் பேனாவில், மொத்தமும் ஜெராக்ஸ். இன்று ஒரே ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு கீறல் போட்டு, பின்கூட அடிக்காமல் எட்டுப் பக்க ஜீன் செய்துவிடுகிறார்கள். யார் அனுமதியும் தேவையில்லை, பதிப்பகமும் தேவையில்லை. அதனால்தான் ‘தன்னிதழ்’ என்கிறேன். ஜீன் என்றே எழுதலாம் என்றால், அந்தச் சொல் ஏற்கெனவே மரபணுவுக்குப் போய்விட்டது.

அப்புறம், ‘கலைஞர் நூல்’ என்றால் தமிழ்நாட்டில் மு. கருணாநிதி எழுதிய நூல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘கலைநூல்’ என்றால் ஓவியத்தைப் பற்றிய நூலாகிவிடும். நமக்கு வேண்டியது, நூலே படைப்பாக இருப்பதைச் சொல்லும் சொல்.

ஆர்ட்டிஸ்ட்ஸ் புக்கைக் கைவேலை, அதிக விலை, குறைந்த படிகள் என்று வரையறுப்பதும் சரிவராது. 1900இல் கலை வணிகர் வொல்லார் பாரிசில் ஓவியர் போனாரின் கல்லச்சுப் படங்களோடு வெளியிட்ட நூல் போன்றவற்றுக்கு அது பொருந்தும். அமெரிக்கக் கலைஞர் எட் ருஷே 1963இல் வெளியிட்ட ‘இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்’ அதற்குள் அடங்காது. சாலையோரப் பெட்ரோல் பங்குகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள், அவற்றோடு பங்கின் பெயரும் ஊரும், அவ்வளவுதான். சாதாரண ஆஃப்செட் அச்சு, முதல் பதிப்பு 400 படிகள், மலிவு விலை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வேண்டாமென்று திருப்பியதும், அதையே விளம்பரமாகப் போட்டார் ருஷே. தானே வெளியிட்டதுதான், விலையும் குறைவுதான். ஆனாலும் அதை ஜீன் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு படத்தைக் கிழித்துச் சுவரில் மாட்டினால் வெறும் பெட்ரோல் பங்கு. புரட்டப் புரட்ட ஒரே மாதிரி வந்துகொண்டே இருப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஜீனையோ ஸ்கேன் செய்து அனுப்பினாலும் சொல்ல வந்தது பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். இதை வைத்துத்தான் ‘நூலுருப் படைப்பு’ என்று பரிந்துரைக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவை நிறைய உண்டு. நியூயார்க்கில் 1976இல் தொடங்கிய ‘பிரிண்டட் மேட்டர்’ என்ற நூல் விற்பனை அமைப்பு இரண்டையும் ஒரே கூரையின்கீழ் விற்கிறது. ஒரே வெளியீட்டுக்கு இரு சொல்லும் பொருந்தினால் பொருந்தட்டும்.

‘நூலுருப் படைப்பு’ நீளமாகத் தோன்றினால் ‘நூலுரு’ மட்டும் போதுமா? அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அதன்பிறகு விக்சனரியில் சேர்க்கலாம்.