அட்டாச்மெண்டுக்குத் தமிழ்: பாசமா, பற்றா, ஒட்டுதலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பிள்ளை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பை உளவியலில் 'அட்டாச்மெண்ட்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் இருப்பது அன்பு. இதற்கு எதற்குப் புதுச்சொல்?

கோலாலம்பூர் ஐயா கேட்டது நியாயம்தான். பட்டர்வொர்த் பக்கம் ஒரு குழந்தைப் பராமரிப்பு இல்லத்துக்காக நான் எழுதும் பெற்றோர் கையேட்டில் முதலில் 'அன்பு' என்றுதான் போட்டேன். மூன்றாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். அடிக்கிற அப்பாவையும் பிள்ளை பயந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறதே, அதுவும் இந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி 1969இல் தன் நூலுக்கு அட்டாச்மெண்ட் என்று தலைப்பிட்டார். பயம் வந்தால் பிள்ளை யாரைத் தேடி ஓடுகிறது என்பதுதான் அவர் கவனித்தது. அந்த உறவு நல்லதா கெட்டதா என்பது அடுத்த கேள்வி. 'அன்பு' என்று எழுதினால் அதற்கு முன்கூட்டியே மதிப்பெண் போட்டதாகிவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ மட்டும் 1958இல் தன் உரைக்கு 'அன்பின் இயல்பு' என்றே பெயர் வைத்தார். குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள்: கம்பித் தாயிடம் பால் புட்டி, இன்னொன்றுக்கு மெத்தென்ற துணி மட்டும். குட்டிகள் கம்பியிடம் பாலைக் குடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் துணியைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. பெயர் அன்பாக இருந்தாலும் அவர் அளந்தது ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தைத்தான்.

பாசம் என்றால் கயிறு. எமன் கையில் இருப்பதும் அதுதான், சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டிவைப்பதும் அதுதான். பொருளில் மிக நெருங்கிய சொல், மறுக்கவில்லை. ஆனால் சினிமா அதைக் கண்ணீரில் ஊறவைத்துவிட்டது. 'பாதுகாப்பற்ற பாசம்' என்று எழுதிப் பாருங்கள், மாத நாவல் தலைப்பு மாதிரி இருக்கிறது. பற்று விடவேண்டியது, அல்லது கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கம். இணைப்பு மின்னஞ்சலுக்குப் போய்விட்டது. (மலாய்ப் பதிப்பு எழுதும் தோழி 'சாயாங்' போட்டுத் தப்பிக்கப் பார்த்தார். சாயாங் என்றால் அன்பும்தான், 'அட, வீணாப்போச்சே'யும்தான். அவருக்கும் தலைவலி.)

போன வாரம் அந்த இல்லத்தில் உட்கார்ந்திருந்தபோது பேரனைக் கூட்டிப்போக ஒரு பாட்டி வந்தார். பையனின் அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. பையன் ஓடிவரவில்லை. செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு வந்து, பாட்டியின் கைப்பை வாரைப் பிடித்தபடி தன் லாரி பொம்மையைக் காட்டினான். "அவங்கம்மாகிட்ட இவ்ளோ ஒட்டுதல் கிடையாதும்மா, எல்லாம் என்கிட்டதான்" என்றார் பாட்டி. அப்புறம் அவராகவே, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் தான் வளர்ந்த கதைக்குப் போனார். அம்மா இருட்டோடு பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போய்விடுவார், பிள்ளை ஆயாக் கொட்டகையில். "அம்மா வந்தாக்கூட ஆயா இடுப்ப விட்டு எறங்க மாட்டேன்."

உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்துச் சுமார் இருபது நிமிடம் நடத்திய சோதனையில் பார்த்ததும் இதைத்தான். தாய் வெளியே போகும்போது பிள்ளை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதே அங்கே முக்கியம். பாட்டியிடம் சொல் ஏற்கனவே இருக்கிறது. நாம் எதற்குப் பட்டறை போட வேண்டும்?

> ஒட்டு என்றாலே எனக்கு ஒட்டுப்பால்தான் ஞாபகம் வருகிறது.

ஈப்போ அண்ணன் கிண்டலுக்குச் சொன்னார், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) இறங்காமல் வெட்டிலேயே காய்ந்து நிற்கிற பால் அது. இழுத்தால் நாடாவாக நீளும், லேசில் அறாது.

சரி, தாய் திரும்பி வந்ததும் பிள்ளை நடந்துகொள்வதை வைத்துப் பிரிக்கும் வகைகளுக்கு நான் வைத்திருப்பவை: நிலையான ஒட்டுதல் (தாயிடம் போய் ஆறுதலடையும் பிள்ளை), தவிப்பு ஒட்டுதல் (தாய் வந்தும் ஆறாத பிள்ளை), விலகல் ஒட்டுதல் (தாயைக் கண்டும் ஒதுங்கும் பிள்ளை). கடைசியது எனக்கே உறுத்துகிறது. விலகினால் எப்படி ஒட்டுதல் என்று பெற்றோர் கேட்பார்கள். 'ஒட்டாத ஒட்டுதல்' என்றால் விடுகதை ஆகிவிடும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது அந்த ஒன்றுக்கு மட்டும் நல்ல சொல் தாருங்கள்.

பிறையிலிருந்து