கொச்சியில் ஒரே நாள்: அப்பாவுடன் வருகிறேன், எங்கே தொடங்கலாம்?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து அப்பாவைக் கொச்சிக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். காலையில் ரயிலில் எர்ணாகுளம் வந்து இறங்கி, இரவு ரயிலில் திரும்பிவிட வேண்டும். அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வாஸ்கோட காமாவைப் பற்றி வருஷா வருஷம் பாடம் எடுத்தவருக்கு, அவரைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், ஆனால் நடப்பார்.

எனக்கு வெள்ளி அல்லது சனிக்கிழமை விடுப்பு கிடைக்கும். எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோரம்:

நேராக ஃபோர்ட் கொச்சி போய்விடுங்கள். சீனவலை, கடற்கரை நடைபாதை, பக்கத்திலேயே செயின்ட் பிரான்சிஸ் சர்ச், சாந்தா குரூஸ் பசிலிக்கா. எல்லாம் கிட்டக்கிட்ட இருப்பதால் அப்பாவுக்கு அலைச்சல் இல்லை. மதியம் மீன் சாப்பாடு. நேரம் மிச்சமிருந்தால் மட்டாஞ்சேரிக்கு ஒரு ஆட்டோ பிடித்துப் போய் வாருங்கள்.

போடிக்காரன்:

மேலே சொன்ன இடங்கள் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வரிசையை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கும் முன்னால் நாளை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை. யூதர்களின் பரதேசி ஜெபாலயம் வெள்ளி, சனி இரண்டு நாளும் பார்வையாளர்களுக்குக் கிடையாது. ஞாயிறு காலை சர்ச்சில் ஆராதனை நடக்கும். திங்களிலிருந்து வியாழனுக்குள் ஒரு நாள் விடுப்புப் போட முடிந்தால் எல்லாவற்றையும் உள்ளே போய்ப் பார்க்கலாம். வரலாற்று வாத்தியாரை இவ்வளவு தூரம் கூட்டி வந்து, பூட்டிய கதவைக் காட்டி அனுப்புவது நியாயமில்லை.

நான் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுதியவன். ஊர் பார்க்க வருகிறவர்களைத் தினமும் பார்ப்பேன். காலையெல்லாம் கடற்கரையில் படம் எடுத்துவிட்டு, வெயிலில் வாடி, மூன்று மணிக்கு மேல் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்வார்கள். அப்போது பாதிக் கடை ஓய்ந்திருக்கும், கண்ணும் சோர்ந்திருக்கும். இந்த ஊருக்குக் கப்பல்கள் வந்ததே மிளகுக்காகத்தான். அந்த மிளகு கைமாறிய இடம் மட்டாஞ்சேரி. உடம்பில் தெம்பிருக்கும் காலை நேரத்தை அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஸ்டேஷனிலிருந்து ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ டெர்மினலுக்கு ஆட்டோவில் வந்துவிடுங்கள். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு உண்டு, 2025 முதல் மட்டாஞ்சேரிக்கும் உண்டு. மிதக்கும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமமில்லை. போகும் வழியில் வில்லிங்டன் தீவை அப்பாவுக்குக் காட்டுங்கள். துறைமுக முகப்பில் மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்ததால், ஒரு காலத்தில் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் அந்தத் திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலம்தான் இந்தத் தீவு. அதற்கு முந்தைய கதையும் ஒன்று உண்டு. 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம்தான் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டுக் கொச்சியின் வாயைத் திறந்தது என்பார்கள். சங்கப் பாட்டில் வரும் அதே முசிறிதான். அப்பா இதைச் சொல்லி முடிப்பதற்குள் கரை வந்துவிடும்.

அரண்மனைக்கு முதலில் போங்கள். டச்சு அரண்மனை என்று பலகை இருக்கும், ஆனால் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1555 வாக்கில் கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் பிறகு வந்து புதுப்பித்தவர்கள். வெளியே பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு மாதிரிதான் தெரியும். மாடிக்குப் படி ஏற வேண்டும், அங்கே மட்டும் அப்பாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். தசரதனின் யாகத்தில் தொடங்குகிறது. காவியும் பச்சையுமாக, இடைவெளியே விடாமல் ஆட்களும் மரங்களும் குரங்குகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். முதல் பார்வைக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஆள் ஆளாகப் பிரிந்து வருவார்கள். படம் எடுக்க அனுமதியில்லை, அதனால் நின்று பார்க்க நேரமும் கிடைக்கிறது.

தரையையும் குனிந்து பாருங்கள். கறுப்புச் சலவைக்கல் போல மின்னும், ஆனால் கல் இல்லை. எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது.

அரண்மனையிலிருந்து ஜெபாலயம் நடக்கிற தூரம்தான். ராஜா தன் அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஒட்டியே யூதர்களுக்கு இடம் கொடுத்தார், 1568-இல் கட்டினார்கள். போர்ச்சுகீசியர்கள் கொளுத்திய பிறகு டச்சுக்காரர்கள் காலத்தில் மறுபடி எடுத்துக் கட்டியது இது. மணிக்கூண்டு 1760-இல் வந்தது. உள்ளே சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் தீட்டியவை என்பதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் அதன்மேல் நடக்கலாம். மதியம் ஒரு மணிக்கு மூடி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள், அதற்குள் போய்விடுங்கள். 1948-க்குப் பிறகு இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், அந்தப் பத்துப் பேர் இந்தத் தெருவில் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும்.

அப்புறம் பஜார் ரோடு. யாரும் சொல்லாத இடம் இதுதான். நீர்க்கரையை ஒட்டி நெடுகப் பழைய கிட்டங்கிகள். சுக்கு, மிளகு, அரிசி மூட்டைகள், மாடியில் மரச் சன்னல்கள். மிளகு வாங்குவதானால் இங்கே மொத்தக் கடையில் கேளுங்கள், ஜெபாலயத் தெருவான ஜூ டவுனில் அலங்காரப் பையில் விற்பதை விடுங்கள். எங்கள் தொழிலில் மிளகுக்கு முதலில் பார்ப்பது லிட்டர் எடை. ஒரு லிட்டர் படி நிறைய அளந்து நிறுத்தால் 550 கிராம் நின்றால் நல்ல திரட்சியான மிளகு, குறையக் குறையப் பொக்கு அதிகம் என்று அர்த்தம். வீட்டில் சோதிக்க ஒரு தம்ளர் தண்ணீர் போதும். முற்றிய மிளகு அடியில் போய் உட்காரும், பொக்கும் கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதையும் மிதக்கும். ஒன்றைக் கடித்துப் பார்க்க நல்ல கடைக்காரர் தடை சொல்லமாட்டார்.

ஃபோர்ட் கொச்சியை மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்திருக்கும்.

நொய்யல்கரை:

மிக்க நன்றி அண்ணா. விடுப்பைச் செவ்வாய்க்கு மாற்றிக் கேட்டேன், கிடைத்துவிட்டது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை கேட்டார். சர்ச்சில் வாஸ்கோட காமாவின் உடல் இப்போதும் இருக்கிறதா, கல் மட்டும்தானா என்று கேட்கச் சொன்னார்.

போடிக்காரன்:

கல் மட்டும்தான் தங்கை. மூன்றாவது முறை வந்தபோது 1524 டிசம்பர் 24-ஆம் தேதி இங்கே இறந்தார். 1539-இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புதைத்த இடத்தைச் சுற்றிக் கம்பி போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த ஒரே கட்டிடம் போர்ச்சுகீசியரிடம் கத்தோலிக்கக் கோயிலாக இருந்து, 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்களிடம் புராட்டஸ்டன்ட் ஆனது, 1804-இல் ஆங்கிலேயரின் ஆங்கிலிக்கன் சபைக்குப் போனது, இப்போது சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. சுவரில் பதித்த டச்சுக் கல்லறைக் கற்களையும், மேலே தொங்கும் துணி விசிறிகளையும் பாருங்கள். அந்த விசிறியின் கயிற்றை வெளியே உட்கார்ந்து ஒருவர் இழுத்துக்கொண்டே இருப்பாராம். வாஸ்கோட காமாவின் பெயர் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது. கயிறு இழுத்தவரின் பெயர் எங்கும் இல்லை. வாத்தியார் அதையும் யோசிப்பார்.

வெளிவீதி மருமகள்:

ஃபோர்ட் கொச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான், எங்கள் ஊர் மதுரை. இவ்வளவு சொன்ன அண்ணன் வேலி என்ற இடத்தில் இருக்கும் டோபிகானாவை, அதாவது துணி வெளுக்கும் இடத்தைச் சொல்லவில்லையே! டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் அங்கே இன்றும் வேலை செய்கிறார்கள். தமிழில் பேசலாம். துவைகல் வைத்த தனித்தனித் தடுப்புகள், பின்னால் வெட்டவெளியில் வரிசையாகக் கொடிகள். கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகி விடுவார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியைக் கரிப்பெட்டியால் தேய்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அந்தக் கை போகும் நிதானம் புரியும். வேலைசெய்யும் இடம் என்பதால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

போடிக்காரன்:

நல்ல வேளை சொன்னீர்கள். மட்டாஞ்சேரியிலிருந்து ஆட்டோவில் வரும்போதே வேலியில் இறங்கிப் பார்த்துவிட்டு சர்ச்சுக்குப் போகலாம், வழிதான். ஆட்டோவில் ஏறும்போதே “கடை எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். சிலர் கமிஷனுக்காகக் கைவினைக் கடை வாசலில் நிறுத்துவார்கள், அரை மணி நேரம் போய்விடும்.

சீனவலையைக் கடைசியாக, அலை ஏறும் நேரமாக இருந்தால் பாருங்கள். ஐந்தாறு பேர் வேலை செய்வார்கள். ஒருவர் நடு மரத்தின் மேல் நடந்துபோனாலே வலை இறங்கும். தூக்குவதற்குக் கயிற்றைச் சேர்ந்து இழுக்க வேண்டும். கல் கட்டிய கயிறுகள் எடைக்கு எடை நின்று உதவும், வலை ஏற ஏறக் கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து உட்காரும். வலையைவிட அந்தக் கற்களைக் கவனியுங்கள். இழுத்துப் பார்க்க உங்களையும் கூப்பிடுவார்கள், பணம் எதிர்பார்ப்பார்கள். கொடுங்கள், வலையில் விழும் மீன் இப்போது அவ்வளவு இல்லை.

நொய்யல்கரை:

சாப்பாட்டுக்கு? அப்பா சைவம்.

வெளிவீதி மருமகள்:

கவலையே வேண்டாம். மட்டாஞ்சேரியில் கொங்கணிக்காரர்களும் குஜராத்திகளும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். குஜராத்தித் தெருப் பக்கம் சைவச் சாப்பாடு கிடைக்கும். அங்கேயே சமணக் கோயில் இருக்கிறது, மதியம் பன்னிரண்டு மணி சுமாருக்குப் புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். ஜெபாலயத்தை முடித்துவிட்டு ஆட்டோவில் போனால் சரியாக இருக்கும்.

போடிக்காரன்:

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே டெர்மினலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரிசை நீளும். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஃபோர்ட் கொச்சியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். சாலை வழி தோப்பும்படியில் நெரிசலாக இருக்கும், படகை நம்புவதே நல்லது. அப்பா என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள்.