ஆறு ஏக்கர் புல்லுக்கு எந்த ரேக்: விரல் சக்கரமா, ரோட்டரியா?

புல்லுக்கட்டு:
ஆறு ஏக்கர் தீவனப் புல் காய வைக்கிறோம். அதில் ஒன்றரை ஏக்கர் குதிரைமசால். 28 குதிரைத்திறன் டிராக்டரும் சதுரக் கட்டு போடும் பழைய பேலரும் இருக்கின்றன. இதுவரை ஆள் வைத்துக் கையால்தான் திரட்டினோம், இனி கட்டுப்படியாகாது. டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டும் ரேக், அதாவது காய்ந்த புல்லை வரிசையாகத் திரட்டும் கருவி, வாங்க வேண்டும். நான்கு விரல் சக்கரம் வைத்தது ஒன்று, பல் வைத்த கைகள் வட்டமாகச் சுழலும் மூன்று மீட்டர் ஒற்றை ரோட்டரி ஒன்று, இரண்டையும் பார்த்தேன். ரோட்டரி விலை இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு கொடுக்கத் தகுமா?

கிரீஸ்கை:
தகாது. விரல் சக்கரத்துக்கு பி.டி.ஓ. (டிராக்டர் எஞ்சினிலிருந்து கருவிக்குச் சக்தி தரும் சுழல் தண்டு) வேண்டாம், கியர்பாக்ஸ் கிடையாது. டிராக்டர் நகர்ந்தால் அதுவாகச் சுற்றும். கெட்டுப்போக என்ன இருக்கிறது? பேரிங்கும் பல்லும்தான். பல் ஒடிந்தால் போல்ட்டைக் கழற்றி அங்கேயே மாட்டிவிடலாம். ஆறு ஏக்கருக்குக் கியர்பாக்ஸ் சுமப்பது வேண்டாத வேலை.

மாட்டுக்கொட்டில்:
கிரீஸ்கை அண்ணே, மெக்கானிக்காக நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் புல்லைத் தின்பது மாடு. விரல் சக்கரம் புல்லைத் தரையோடு உருட்டிக்கொண்டே போகிறது. மண், பழைய சாணம், கூழாங்கல் எல்லாம் வரிசைக்குள் சேரும். அதோடு புல் கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். மேலே தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும், கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக ஈரம். அதை நம்பிக் கட்டு போட்டு, பத்தாம் நாள் பிரித்தபோது உள்ளே வெள்ளைப் பூசணம். அந்த வருடம் பாதிக் கட்டு எருக்குழிக்குப் போனது.

ரோட்டரி புல்லைத் தூக்கி வைக்கும். வரிசை உப்பலாக நிற்பதால் காற்று புகும்.

கிரீஸ்கை:
தம்பி, பூசணம் பிடித்தது ரேக்கால் இல்லை, அவசரத்தால். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் சதுரக் கட்டு போட்டால் எந்த ரேக்கில் திரட்டினாலும் பூசணம்தான்.

மண் சேருவதும் செட்டிங் கோளாறு. விரல் சக்கரம் தரையில் அழுந்தி ஓடக் கூடாது. வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒற்றைக் கையால் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். சுலபமாக எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஸ்பிரிங்கை இறுக்கிப் பாரத்தைக் குறைக்க வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. பற்கள் நிலத்தை உழுதுகொண்டு போகும், அப்புறம் ரேக்கைத் திட்டுவார்கள்.

பேலர்க்காரன்:
நான் அடுத்தவர் நிலத்தில் கட்டு போட்டுக் கொடுப்பவன், இரண்டு ரேக் போட்ட வரிசையும் பார்த்தாயிற்று. என் கவலை வரிசை அகலம். பேலரில் புல்லை அள்ளும் பிக்-அப்பைவிடக் குறுகலான வரிசை ஒரே ஓரமாகப் போனால் கட்டு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொளதொளக்கும். வாழைப்பழம் மாதிரி வளைந்த கட்டை அடுக்கிப் பாருங்கள், மூன்றாவது வரிசையிலேயே சரியும். கயிறாகத் திரிந்த வரிசை இன்னும் மோசம். குபுக்கென்று ஒரு கும்பல் போகும், அப்புறம் ஒன்றுமே வராது. பாரம் மீறினால் தான் ஒடிந்து பேலரைக் காக்கும் ஷியர் போல்ட் ஒடிவது அப்போதுதான். ரோட்டரி வரிசை சீராக வரும், பக்கத்தில் புல்லைத் தடுக்கும் துணித் திரையைத் தள்ளி வைத்தால் அகலமும் மாறும்.

ஆனால் ரோட்டரியில் ஒரு பயம் உண்டு. ஒடிந்த பல் வரிசையில் விழுந்தால் அது பேலருக்குள்ளும் போகலாம், மாட்டு வயிற்றுக்குள்ளும் போகலாம். பல் ஒடிந்தாலும் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி வைத்த ரேக்காகப் பாருங்கள்.

கிரீஸ்கை:
பல்லை எண்ணுவது இரண்டு ரேக்குக்கும் பொருந்தும். வேலை முடிந்ததும் எண்ணிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்.

மாட்டுக்கொட்டில்:
குதிரைமசாலை மறந்துவிட்டீர்கள். அதில் சத்து இலையில்தான். காய்ந்து சருகான பிறகு எதைக் கொண்டு திரட்டினாலும் இலை உதிர்ந்து வெறும் குச்சிதான் மிஞ்சும். ஈரம் நாற்பது சதவீத வாக்கில் இருக்கும்போதே திரட்ட வேண்டும், பிந்திவிட்டால் காலைப் பனியில். அந்த ஈரப் பாரத்தில் விரல் சக்கரம் திணறும். ரோட்டரியில் பி.டி.ஓ. வேகத்தைக் குறைத்து மெல்ல நகர்த்தினால் இலை தங்கும். எல்லாவற்றுக்கும் நிமிடத்துக்கு 540 சுற்றில் விரட்ட வேண்டியதில்லை.

கிரீஸ்கை:
குதிரைமசால் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருப்பது ஒன்றரை ஏக்கர்தானே! மீதி நாலரை ஏக்கர் வெறும் புல்.

இன்னொன்று, எடை. சின்ன ஒற்றை ரோட்டரியே முந்நூறு கிலோவை ஒட்டி வரும், அதுவும் முழுக்கப் பின்னால் தொங்கும். 28 குதிரைத்திறன் வண்டியில் வரப்பு ஏறும்போது முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் திருப்பினாலும் நேராகவே போகும். முன்னால் எடை போடாமல் மாட்டாதீர்கள். பி.டி.ஓ. தண்டுக்கு உறையும் அவசியம். 540 என்றால் வினாடிக்கு ஒன்பது சுற்று, சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

பேலர்க்காரன்:
மூலைகளையும் யோசியுங்கள். விரல் சக்கரம் வண்டி நகர்ந்தால்தான் வாரும், மூலையில் கொஞ்சம் விட்டுவிடும். ரோட்டரி நின்ற இடத்திலும் சுற்றும், மூலைக்குப் பின்னோக்கிப் போய்த் தூக்கி இறக்கினால் போதும். நிலம் துண்டு துண்டாக இருக்கிறதா?

புல்லுக்கட்டு:
நான்கு துண்டு. இரண்டு முக்கோணம். குதிரைமசால் இருப்பது அதில் ஒன்றில்தான்.

மாட்டுக்கொட்டில்:
அப்புறம் என்ன யோசனை!

புல்லுக்கட்டு:
புது ரோட்டரிக்குக் காசு இல்லை என்பதுதான் யோசனை. ஏழு வருடம் ஓடிய ரோட்டரி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நாளை பார்க்கப் போகிறேன். பழையது என்றால் கிரீஸ்கை அண்ணன் சிரிப்பார்.

கிரீஸ்கை:
சிரிக்கவில்லை. தண்டைக் கழற்றிவிட்டு ரோட்டரைக் கையால் முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டுகிறது என்றால் உள்ளே கேம் தடம் (சுற்றும்போது கைகளைத் திருப்பும் வழித்தடம்) தேய்ந்திருக்கிறது. பற்கள் மாட்டிய கைகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸ் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கழுவிப் பளபளவென்று வைத்திருந்தால் இரண்டு தடவை தடவுங்கள்.