மறு: ‘நகல் காப்பு’ வேண்டாம், ‘உரிமப்பூட்டு’ என்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டு ஊடக மென்பொருளுக்கான நம் சொற்பட்டியலில் டிஆர்எம் (Digital Rights Management, உரிமம் பெறாமல் ஒரு படத்தையோ பாட்டையோ திறக்க விடாத தொழில்நுட்பத் தடை) என்பதற்கு நேரே இன்னும் வெற்றிடமே இருக்கிறது. சென்ற வாரம் வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். அவற்றுக்கு மறுமொழி எழுதுமுன், இந்தச் சொல் பயனருக்கு எந்த நேரத்தில் தேவைப்படுகிறது என்பதை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டு காட்ட விரும்புகிறேன்.

எங்கள் கூடத்துத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை கணினி இருக்கிறது. அதில் படம் பார்க்க உதவும் ‘கோடி’ (Kodi) என்ற ஊடக மென்பொருள் ஓடுகிறது. நாங்கள் சந்தா கட்டும் ஒரு திரைப்படச் சேவையை என் தாயார் அதன் வழியாகத்தான் பார்ப்பார். ஒரு ஞாயிறு மாலை அவர் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் வட்டம் சற்று நேரம் சுழன்றது. பிறகு திரை பழைய பட்டியலுக்கே திரும்பிவிட்டது. இணையம் இருந்தது, சந்தா முடியவில்லை, அதே படம் கைப்பேசியில் ஓடியது. பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான், உரிமம் கேட்டு அனுப்பிய வேண்டுகோள் மறுக்கப்பட்டது என்ற ஒற்றை வரி கண்ணில் பட்டது. அதை விளக்கிச் சொன்னபோது அம்மா கேட்டார்: “பணம் கட்டியாகிவிட்டதே, இன்னும் யாரிடம் கேட்க வேண்டும்?” நாம் ஆக்கும் சொல் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

> நகல் காப்பு, அல்லது படிக்காப்பு என்று எளிமையாக வைத்துவிடலாமே.

எளிமைதான், ஐயா, ஆனால் காப்புப்படி, காப்பு நகல் என்று மாற்றுப்படிக்கு (backup) நாமே முன்பு பெயர் வைத்திருக்கிறோம். நகல் காப்பு என்ற பட்டியலைத் திறக்கும் பயனர், தம் கோப்புகளைப் பத்திரப்படுத்தும் இடம் இது என்றுதான் எண்ணுவார். அதைவிடப் பெரிய குறை, அன்று எங்கள் வீட்டில் யாரும் எதையும் நகலெடுக்கவில்லை என்பது. நகலெடுப்பதைத் தடுப்பது நோக்கமாக இருக்கலாம். பயனர் முன் நிகழ்வதோ பார்ப்பதற்கே வரும் தடை. டிவிடி வட்டுகளில் இருந்த சிஎஸ்எஸ் என்ற மறையாக்கத்தை (encryption)கூட இந்தப் பெயரால் ஒருவாறு அழைக்கலாம், ஏனெனில் அங்கே திறவுகோல் வட்டிலும் அதை ஓட்டும் கருவியிலுமே அடங்கியிருந்தது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இணையத்தில் ஓடையாக வரும் (streaming) காணொளியில் நிலைமை முற்றிலும் வேறு.

> எண்ணிம உரிமை மேலாண்மை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

புழக்கத்தில் இருப்பது உண்மை. ஆயினும், யாருடைய உரிமையை யார் மேலாள்கிறார் என்று அந்தத் தொடர் சொல்வதேயில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் இங்கே நமக்குப் பெரிதும் உதவுகிறது. அதில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தகர்ப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. அடுத்து வரும் 65பி பிரிவோ உரிமை மேலாண்மைத் தகவலைப் பற்றியது, அதாவது படைப்பின் பெயர், படைப்பாளரின் பெயர், உரிமையாளரின் பெயர், பயன்பாட்டு நிபந்தனைகள் போன்றவற்றைப் பற்றியது. சட்டம் இரண்டாகப் பிரித்துவைத்ததை நாம் ஒரே பெயருக்குள் அடைத்தால், நாளை சட்டத்தை மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார்.

> எண்ணிம விலங்கு என்று நேராகவே சொல்லிவிடுவோம்.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்தச் சுருக்கத்தின் நடு எழுத்தை உரிமை என்று படிக்காமல் கட்டுப்பாடு என்று படிப்பதை நானும் ஏற்கிறேன். உங்கள் சினத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கையேடு எழுதுபவர், வழக்குரைஞர், இந்த முறையை ஆதரிப்பவர் ஆகிய எல்லோரும் தயக்கமின்றி எடுத்தாளக்கூடியதே கலைச்சொல்லாக நிலைக்கும். கண்டனத்தை வாக்கியத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இனி என் பரிந்துரை. ஓடையாக வரும் காணொளி சிறுசிறு துண்டுகளாக, மறையாக்கம் செய்யப்பட்டு நம் கருவிக்கு வந்துசேர்கிறது. கருவியில் இருக்கும் மூடிய நிரற்கூறு ஒன்று, தான் இன்னார் என்று சொல்லி, சேவையின் உரிம வழங்கிக்கு (server) வேண்டுகோள் அனுப்புகிறது. வழங்கி இசைந்தால் உரிமத்துக்குள் திறவியை வைத்து அனுப்புகிறது. கூகுள் 2010இல் வாங்கிய வைட்வைன் (Widevine) இவ்வகையில் பரவலானது; மேலே சொன்ன மூடிய நிரற்கூறு அதன் நூலகமே. திறந்த மூலமான கோடி அந்த நூலகத்தைத் தன்னுடன் சேர்த்து வழங்குவதில்லை. 2019இல் வந்த 18ஆம் பதிப்பு முதல் அதை வெளியிலிருந்து ஏற்றிப் பயன்படுத்த வழிசெய்திருக்கிறது. ராஸ்பெரி பை போன்ற கருவிகளில் ஒரு துணை நிரல், குரோம்ஓஎஸ் என்ற கூகுள் இயங்குதளத்தின் மீட்புக் கோப்பு முழுவதையும் பதிவிறக்கி, அதிலிருந்து அந்த ஒரே நூலகத்தை உருவியெடுக்கிறது. அது கிடைத்தாலும், சில்லுக்குள் (processor) காக்கப்பட்ட தனியிடம் இல்லாத கருவி, வைட்வைன் வகுத்த பாதுகாப்பு நிலைகளில் கடைசியான மூன்றாம் நிலைக் கருவியாகவே கொள்ளப்படுவதால், பல சேவைகள் அதற்கு உயர்தெளிவுப் படத்தை அனுப்புவதில்லை.

ஆகவே இங்கே இருப்பது ஒரு பூட்டு. அதைத் திறப்பது உரிமம். உரிமப்பூட்டு என்று சொன்னால் இரண்டும் தெரிகின்றன. தாழ் என்ற பழஞ்சொல்லையும் எண்ணிப் பார்த்தேன், குறுகியது, அழகானது. ஆனால் தாழ்ப்பாள் வீட்டுக்காரர் உள்ளிருந்து போடுவது. பூட்டுக்குத் திறவுகோல் வேறொருவர் இடுப்பிலும் இருக்கலாம். நம் வீட்டுக் கருவியில் தொங்கும் பூட்டின் திறவி பிறரிடம் இருப்பதுதான் இங்கே செய்தி.

ஆக்கமும் எளிது. உரிமப்பூட்டிட்ட காணொளி, பூட்டிலாக் காணொளி, பூட்டுடைப்பு என்று கிளைச்சொற்கள் தடையின்றி வருகின்றன. உரிமைப்பூட்டு என்று சிலர் தவறி எழுதக்கூடும் என்பது மெய்யான இடர்தான். உரிமம் என்ற சொல் ஓட்டுநர் உரிமம் வழியாக எல்லோருக்கும் பழகியிருப்பதால், அது காலப்போக்கில் நேராகிவிடும் என நம்புகிறேன். தொலைக்காட்சிக்குச் செல்லும் வடத்திலேயே செயல்படும் எச்டிசிபி (HDCP) என்ற காப்புமுறை இதில் அடங்காது, அங்கே உரிம வழங்கி கிடையாது. அதற்கு வடப்பூட்டு பொருந்துமா என்று மின்னணுவியல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுப்பு இல்லையெனில், பிழைச்செய்திக்கான வாசகத்தை இவ்வாறு பதிவேற்ற எண்ணுகிறேன்: “இந்தக் காணொளி உரிமப்பூட்டிடப்பட்டது. சேவையிடம் கேட்ட உரிமம் கிடைக்கவில்லை. பூட்டுத்திறப்பு நூலகத்தைப் புதுப்பித்து மீண்டும் முயல்க.” ‘முயல்க’ என்பதா, ‘முயலுங்கள்’ என்பதா என்பதையும் தெரிவியுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ‘முயலுங்கள்’ என்பதையே விரும்புகிறார்.