டிடி-02 ரிமோட் கார்ல பிரஷ்லெஸ் மோட்டார் போட்டேன், கொதிக்குது. பினியன் (மோட்டார் முனையில இருக்கிற சின்ன பல்சக்கரம்) பல்லு ஏத்தணுமா இறக்கணுமா?

புழுதிராசா:
வணக்கம் மக்களே. டாமியா டிடி-02, கிட்ல வந்த சில்வர் கேன் மோட்டார கழட்டிட்டு 3300 கேவி சென்சார்லெஸ் (உள்ள சென்சார் இல்லாத) பிரஷ்லெஸ் போட்டிருக்கேன், பேட்டரி 2எஸ் லிபோ (ரெண்டு செல், 7.4 வோல்ட்). ஸ்பர் (பினியன் சுத்துற பெரிய பல்சக்கரம்) 70 பல்லு, பினியன் 22 பல்லு, ரெண்டும் கிட்ல வந்ததுதான். ஒரு வாரம் தார் ரோட்ல பிரமாதமா ஓடுச்சு. அப்புறம் புல்லு, மண்ணுலயும் ஓட்டலாம்னு ஆசைப்பட்டு பாடிய வெட்டி பெரிய முள்ளு டயர் மாட்டினேன், அதுல இருந்து 5 நிமிஷத்துல வண்டி நின்னுடுது, ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற பெட்டி) லைட் மினுக்குது, மோட்டார்ல விரல் வச்சா ரெண்டு எண்ணுறதுக்குள்ள கைய எடுத்துடுறேன். ஆறவிட்டா திரும்ப ஓடுது. மோட்டார் பத்தலையா, 4000க்கு மேல கேவி வாங்கவா? இல்ல 25 பினியன் போட்டா மோட்டார் கம்மியா சுத்தும், சூடும் குறையும்னு ஒருத்தர் சொல்றார், அது சரியா?

கியர்கிறுக்கன்:
ரெண்டும் வேணாம் ப்ரோ, ரெண்டுமே எரியுற அடுப்புல இன்னொரு விறகு. கேவின்னா பலம் இல்ல, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்துங்கிற கணக்கு, அவ்வளவுதான். 3300 கேவிய 7.4 வோல்ட்ல பெருக்குங்க, 24,420 ஆர்பிஎம், அதுவும் லோடு இல்லாம. கேவி ஏற ஏற அதே ஆம்பியருக்கு கிடைக்கிற டார்க் (சுத்துற விசை) குறையும், அதனால பெரிய கேவி போட்டா பினியன இன்னும் சின்னதாக்கணும்.

உங்க கியரிங் இப்படி: 70ஐ 22ஆல வகுத்தா 3.18, டிடி-02ல உள்ள இருக்கிற ரேஷியோ 2.6, ரெண்டையும் பெருக்கினா எஃப்டிஆர் (மொத்த கியர் ரேஷியோ) 8.27. அதாவது மோட்டார் 8.27 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. நீங்க பல்ல மட்டும் பாக்குறீங்க, டயர பாக்கல. ஸ்கேல் வச்சு பழைய டயரையும் புது டயரையும் அளந்து சொல்லுங்க, மத்தத அப்புறம் பேசுவோம்.

புழுதிராசா:
பழசு 64 மிமீ, புதுசு 72 மிமீ. 8 மிமீ தானே அண்ணா, அதுவா இவ்ளோ பண்ணும்?

கியர்கிறுக்கன்:
அந்த 8 மிமீ தான் தம்பி ஆளு. 72ஐ 64ஆல வகுங்க, 1.125 வரும். 22 பல்லு பினியன 1.125ஆல பெருக்கினா 24.75. டயர் மாத்தின அன்னைக்கே நீங்க 25 பினியன் போட்டாச்சு, தெரியாமலே! இதுக்கு மேல நிஜமாவே 25 போட்டா என்ன ஆகும்னு யோசிங்க. இப்ப டயர் மாத்தினதுக்கே, அதே தள்ளுவிசைக்கு மோட்டார் 12.5% கூட ஆம்பியர் இழுக்கும், சுருள்ல வர்ற சூடு ஆம்பியரோட வர்க்கத்துல ஏறும், அப்போ கிட்டத்தட்ட 27% அதிக சூடு. இது தார்லயே. புல்லு வேற டயர பிடிச்சு இழுக்கும், அது தனிக் கணக்கு.

19 பினியன் போடுங்க, எஃப்டிஆர் 9.58. ரோல்அவுட், அதாவது மோட்டார் ஒரு சுத்துக்கு வண்டி நகர்ற தூரம், பழைய டயர்ல 24.3 மிமீ இருந்துச்சு, இப்ப 27.3, 19 போட்டா 23.6. புல்லுக்கு இதுவே சரி.

சும்மாசுத்தி:
எதுக்கு இவ்ளோ கணக்கு, மோட்டார் ஹீட்சிங்க் (சூட்ட வெளியேத்துற உலோகத் துண்டு) மேல ஒரு ஃபேன் போட்டா முடிஞ்சுது. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்.

மெஷ்மணி:
ஃபேன் நல்லதுதான், ஆனா கியரிங் சரியில்லாதப்ப அது காய்ச்சல்காரனுக்கு விசிறி வீசுற மாதிரி. காந்தம் ரொம்ப சூடானா பலம் போயிடும், ஆறினாலும் முழுசா திரும்பாது. நான் டெம்ப் கன்ல (தொடாம சூடு அளக்குற கருவி) 75 டிகிரி பாத்தா வண்டிய ஓரம் கட்டிடுவேன்.

புழுதிராசா, பினியன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை. மோட்டார கழட்டிட்டு சக்கரத்த கையால சுத்துங்க, லேசா சுத்துதா இல்ல எங்கயாவது பிடிக்குதான்னு பாருங்க. கிட்ல வந்த பிளாஸ்டிக் புஷ்ஷிங்கோட (அச்சு சுத்துற வளையம்) மண்ணுல ஓட்டினா பேரிங் மாத்தியே ஆகணும். அப்புறம் டிடி-02க்கு 0.6 மாட்யூல் பினியன், 48 பிட்ச் வாங்கிடாதீங்க (ரெண்டும் பல்லோட அளவு), பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஸ்பர் பல்ல தின்னுடும். நான் ஒரு தடவ கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்"னு சொன்னத நம்பி ஒரு ஸ்பர காலி பண்ணினேன், சீவல் சீவலா வெள்ளைத்தூள் வந்துச்சு.

ரொம்ப சின்ன பினியனும் நல்லதில்ல. மோட்டார் எந்நேரமும் உச்ச ஆர்பிஎம்லயே கத்திட்டு இருக்கும், அதுலயும் சூடு வரும், வேகமும் இருக்காது. 19ல ஆரம்பிங்க, சூட்ட பாத்து ஒவ்வொரு பல்லா ஏத்துங்க.

புழுதிராசா:
நாலு நாள் கழிச்சு வர்றேன். மெஷ்மணி அண்ணா சொன்ன மாதிரி கழட்டி பாத்தா முன் இடது சக்கரம் பிடிக்குது, ஹெக்ஸுக்குப் (சக்கரம் மாட்டுற ஆறுமுனைத் துண்டு) பின்னாடி புல்லு நூல் மாதிரி இறுக்கமா சுத்தியிருக்கு, பிளேடால அறுத்து எடுத்தேன், புஷ்ஷிங் உருகி ஒரு பக்கம் முட்டை வடிவத்துல இருக்கு 😬 நாலு பக்கமும் பேரிங் போட்டாச்சு, 19 பினியனும் போட்டேன். புல்லுல 12 நிமிஷம் ஓட்டி டெம்ப் கன் வச்சேன், 64 டிகிரி. டாப் ஸ்பீட் குறைஞ்சது தெரியுது, ஆனா கிளம்புறப்ப திக்கித் திக்கி இழுத்தது பாதிக்கு மேல போயிடுச்சு. தார்ல ஓட்டணும்னா 22 திரும்ப போடலாமா?

கியர்கிறுக்கன்:
பழைய டயரோட போடுங்க. 22ம் சின்ன டயரும் ஒரு செட்டு, 19ம் முள்ளு டயரும் ஒரு செட்டு, ரெண்டு டப்பால தனித்தனியா வச்சுக்கோங்க. அந்த திக்கல் சென்சார்லெஸ்ல முழுசா போகாது. பினியன பிடிச்சு வைக்கிற கிரப் ஸ்க்ரூ, மோட்டார் ஷாஃப்ட்டோட தட்டைப் பக்கத்துல உக்காரணும், ஒரு சொட்டு த்ரெட்லாக் (ஸ்க்ரூ கழலாம இருக்க பசை), மறந்தீங்கன்னா புல்லுக்குள்ள பினியன தேடிட்டு இருப்பீங்க.