சித்திக்கு டீஅடிக்‌ஷன், குன்னூர் பக்கம் எங்க?

ஆர்மி நர்சிங் சர்வீஸ்ல மேஜரா ரிட்டயர் ஆன சித்தி வெலிங்டன்ல தனியா இருக்காங்க, கேன்டீன் ரம்ம டீ பிளாஸ்க்ல ஊத்தி வச்சு குளிருக்குன்னு காலைலயே ஆரம்பிச்சுடறாங்க, கை நடுங்குது. ரெண்டு சென்டர்ல கேட்டேன், ஆம்பளைங்களுக்கு மட்டும்தானாம் 😞

பதில்: இசிஹெச்எஸ் (ரிட்டயர் ஆன ராணுவத்தினருக்கான மருத்துவ திட்டம்) கார்டு இருக்கும்ல? அவங்க பாலிகிளினிக்ல காட்டி ரெஃபரல் கேளுங்க.

பதில்: பிளாஸ்க்க பிடுங்கி வச்சுடாதீங்க சிஸ்டர். தினம் குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ், பிதற்றல்னு வரலாம், எங்கப்பாவுக்கு வந்துச்சு, டாக்டர் பார்வைலதான் நிறுத்தணும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில போதை சிகிச்சைக்குன்னே தனி பிரிவு இருக்கு.

கேட்டவர்: கார்டு இருக்கு, ஆனா "அங்க பூரா என் ஜூனியருங்கடி"ன்னு வரமாட்டேங்கறாங்க.

பதில்: அப்ப முதல்ல போன். 14446 போதைக்கு, 14416 மனசுக்கு, ரெண்டும் ஃப்ரீ. மேடத்தையே பேச சொல்லுங்க.